மீன் இல்லாத ஓடைக்குப் பாதி நிழல் போதுமா?

அமெரிக்காவின் வடமேற்கில், ஒலிம்பிக் தீபகற்பத்திலிருந்து கலிஃபோர்னியாவின் வடகரை வரை டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் மரங்கள் அடர்ந்த ஈரக்காடுகள் உண்டு. அங்கே மலைச்சரிவில் கசியும் ஓடைகளில் டோரண்ட் (அதாவது காட்டாறு) சாலமாண்டர் வாழ்கிறது. பார்த்தால் பல்லி ஜாடை, உறவு தவளையோடு. தலை முதல் வால் நுனி வரை சுமார் 10 செ.மீ. 1992 வரை ஒரே இனமாக எண்ணப்பட்டது. ஆய்வாளர்கள் டேவிட் குட், டேவிட் வேக் இருவரும் மரபணு வேறுபாட்டை வைத்து நான்காகப் பிரித்தார்கள்.

பெயரில் காட்டாறு இருக்கிறதே என்று பெரிய நீரோட்டத்தில் தேடினால் கிடைக்காது. கணுக்கால் நனையாத கசிவு, அருவிச் சாரல் படும் பாறை, கூழாங்கல் சந்து, இதுதான் அதன் வீடு. நுரையீரல் பேருக்குத்தான் இருக்கிறது. மூச்செல்லாம் தோல் வழியாக. தோல் காய்ந்தால் கதை முடிந்தது. தண்ணீரும் குளிர்ந்திருக்க வேண்டும், பெரும்பாலும் 15 டிகிரி செல்சியஸுக்குள். முட்டை பொரிய ஏழு மாதத்துக்கு மேல், குஞ்சுப்பருவம் மூன்று நான்கு ஆண்டு. ஒரு தலைமுறை அழிந்தால் ஈடுகட்ட அதற்கு வேகம் கிடையாது.

இத்தகைய ஓடைகளில் பலவற்றில் மீன் கிடையாது. மரவெட்டு விதிகளோ ஓடையின் தகுதியை மீனை வைத்தே அளக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் 1999 உடன்பாட்டின் பெயரே 'காடுகளும் மீன்களும்'! பாதுகாக்க வேண்டிய உயிர்களின் பட்டியலில் இந்தச் சாலமாண்டர்களும் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதையொட்டி மேற்கு வாஷிங்டனுக்கு வந்த விதி, மீனில்லாத வற்றாத ஓடைக்கு இருபுறமும் 50 அடி அகலத்துக்கு வெட்டாமல் விட்ட மரவரிசை, அதுவும் நீளத்தில் ஏறத்தாழ பாதிக்கு மட்டும் என்றது. ஊற்றுக்கண்களைச் சுற்றித் தனிக் காப்பு வைத்தது நல்ல ஏற்பாடு. மீதிப் பாதி? விரற்கடை ஆழத் தண்ணீர், நிழல் போனால் வெயிலில் சட்டென்று சூடேறும். விட்டுவைத்த ஒல்லி மரவரிசையும் புயல்காற்றில் சாய்ந்துவிடுகிறது.

வெப்பத்தைவிட எனக்குப் பெரிய கவலை வண்டல். லாரிகள் ஓடும் ஜல்லிச்சாலையிலிருந்து மழைநீரோடு வரும் நுண்மண் கற்சந்துகளை அடைத்துவிடும். ஒட்டாமல் சந்தில் கிடக்கும் முட்டைக்கும், ஒளியும் குஞ்சுக்கும் இடம் போச்சு. செங்குத்தான ஓடை அந்த மண்ணை அடித்துச் சென்றுவிடும். சரிவு குறைந்ததில் அது தங்கிவிடும். ஆகவே மரவரிசையை அளக்கும் அதிகாரி சாலையோர வாய்க்கால் எங்கே கொட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். வாய்க்கால் நீரை ஓடைக்கு முன்பே காட்டுத்தரையில் திருப்பிவிட்டாலே சேதம் குறையும்.

தேடிப் பார்ப்பவர்களுக்கு: கீழ்ப்புறம் சிறு வலையைப் பிடித்துக்கொண்டு கல்லை மெதுவாகத் தூக்குங்கள். புகைபோலக் கலங்கல் எழுந்தால் சந்து அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதே ஓடையில் வேறொரு பெரிய சாலமாண்டர் இனத்தின் குஞ்சும் இருக்கலாம். அதற்குச் செவுள் புதராக வெளியே தெரியும், இதற்கு வெறும் முளைதான். கொசுத்தைலம் பூசிய கையால் தொடாதீர்கள். தூக்கிய கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கமாக வையுங்கள்.