வசதி இருந்தால்தான் கால்ஃபா?

ஆசிய டூர் என்ற தொழில்முறை கால்ஃப் போட்டித் தொடரில் ஆடுகிறவர்கள் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்திய கால்ஃப் வீரர் எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கால்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். அங்கேயே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட மகன் 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். அப்புறம் 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு இந்தியன் ஓபன் பட்டங்கள். வடசென்னைப் பசங்களுக்கு கேரமும் குத்துச்சண்டையும்தான் வரும் என்று கட்டுரைக்குக் கருத்து சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். நான் வியாசர்பாடிக்காரன். பள்ளி லீவில் இரண்டு பஸ் மாறி நந்தனம் கால்ஃப் மைதானத்துக்குப் போய், ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கியிருக்கிறேன். என்னோடு வந்த நண்பன் யாரோ கொடுத்த ஒரே ஒரு பழைய ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையை வைத்து ரயில்வே தண்டவாளத்தை ஒட்டிய காலி இடத்தில் தினமும் அடிப்பான். பந்து சொன்ன இடத்தில் போய் விழும். அவனைத் தடுத்தது திறமைக் குறைவு இல்லை, செலவுதான். ஆசிய டூரில் ஒரு வாரம் தாய்லாந்து என்றால் இன்னொரு வாரம் வேறு நாடு. விமான டிக்கெட், அறை வாடகை, பை தூக்குபவர் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் ஆட்டக்காரர் கையிலிருந்துதான். முதல் இரண்டு நாளில் 'கட்' எனும் தகுதிக் கோட்டைத் தாண்டாவிட்டால் பரிசுப் பணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கட்டுரை பேசியிருக்க வேண்டியது அதைத்தான்.