பொறுமையை யாரிடம் கேட்கிறோம்?

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் எங்கள் வடசென்னைக் கரையோரத்தில் எந்த ஆலயத்திற்குப் போனாலும், எந்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தாலும், அடிக்கடி காதில் விழும் அறிவுரை ஒன்று உண்டு: பொறுமையாயிருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். இந்த அறிவுரையோடு எனக்கு மாறுபாடு எதுவும் இல்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் ஆவியின் கனியை விவரிக்கும் பவுல், அன்பு, சந்தோஷம், சமாதானம் ஆகியவற்றை அடுத்து நீடிய பொறுமையைத்தான் வைக்கிறார். கொரிந்தியருக்கு அன்பின் குணங்களைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் எடுப்பதும் அதையே. பொறுமை வளராத விசுவாசம் வெறும் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக நின்றுவிடும் என்று நானும் மனதார நம்புகிறேன். என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று. இந்த அறிவுரையை நாம் யாரைப் பார்த்துச் சொல்கிறோம்?

குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றிச் சொல்லி அழுகிற பெண்ணுக்குச் சொல்கிறோம். ஒப்பந்த வேலைக்குப் போய்ச் சம்பளம் கைக்கு வராமல் அலைகிற இளைஞனுக்குச் சொல்கிறோம். புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகளுக்குச் சொல்கிறோம். அடிக்கிறவனையும், கூலியைப் பிடித்து வைத்திருக்கிறவரையும், வீட்டில் குரலை உயர்த்துகிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் நீங்கள் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்ன கூட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்ற பழமொழியைக்கூட, தாங்கித் தாங்கியே தேய்ந்துபோனவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறோம். வேதாகமத்தைத் திறந்து பார்த்தால், ஏறக்குறைய இதற்கு நேர்மாறான ஒழுங்கு அதில் இருக்கிறது.

வேதத்தில் நீடிய சாந்தம், அதாவது நீடிய பொறுமை, முதலில் கடவுளின் குணமாகவே வருகிறது. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியைச் செய்து வணங்கிய பிறகு, தண்டிக்க எல்லா நியாயமும் இருந்த வேளையில்தான், யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம்மை நீடிய சாந்தமுள்ள தேவன் என்று மோசேக்கு அறிவிக்கிறார். ஆண்டவர் வரத் தாமதிக்கிறார் என்று முறையிட்டவர்களுக்குப் பேதுருவின் இரண்டாம் நிருபம் தரும் விடையும் இதுவே: ஒருவரும் கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக அவர் நம்மேல் பொறுமையாயிருக்கிறார். ஏறத்தாழ கி.பி. 200-ஆம் ஆண்டு வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பொறுமையைப் பற்றித் தனியாக எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், தன்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றித் துணிந்து எழுதுவதாக ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். அவர் முதல் உதாரணமாக எடுத்து வைப்பது கடவுளையே. அரை நூற்றாண்டு கழித்து அதே நகரத்தின் ஆயராயிருந்த சிப்ரியானும் அந்த வழியிலேயே எழுதினார். ஆதித் திருச்சபையின் இந்தப் பார்வையை நாம் எங்கோ தவறவிட்டுவிட்டோம். ஓங்கிய கையை இறக்குவதற்கு முதலில் ஓங்கக்கூடிய கை வேண்டும். பலவானைக் காட்டிலும் நீடிய சாந்தமுள்ளவனும், பட்டணத்தைப் பிடிக்கிறவனைக் காட்டிலும் தன் மனதை அடக்குகிறவனும் உத்தமன் என்று நீதிமொழிகள் சொல்லும்போது, அது பேசுவது பட்டணத்தைப் பிடிக்கும் வலிமை உள்ளவர்களோடு.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை இதை இன்னும் கூர்மையாக நம் முன் வைக்கிறது. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் வேலைக்காரன் ஒருவன் இருக்கிறான். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்பது திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையிலேயே இருக்கிறது. ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம். ஆக, முதல்வன் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி, இரண்டாமவன் பட்டது 100 நாள் கூலி. “என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று இருவரும் ஒரே வேண்டுகோளைத்தான் வைக்கிறார்கள். ராஜா மனதுருகி முழுக் கடனையும் மன்னித்துவிடுகிறார். மன்னிக்கப்பட்டவனோ வெளியே வந்ததும், தான் சற்று முன் பேசிய அதே வார்த்தைகளை இன்னொருவன் வாயிலிருந்து கேட்டும், அவன் தொண்டையை நெரித்துக் காவலில் போடுவிக்கிறான். இந்த உவமையை நாம் மன்னிப்பைப் பற்றியது என்று மட்டும் படித்துப் பழகிவிட்டோம். இதில் பொறுமையைக் கேட்கிறவன் கடன்பட்டவன். கொடுக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன். நம் பிரசங்கங்களில் அது இடம் மாறிப்போயிருக்கிறது.

அந்த 100 நாள் என்ற கணக்கு வடசென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. தண்டல் என்றாலே எங்கள் பகுதியில் அதுதான்: பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்துவிட்டு, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுக்க முதல் வேண்டுமே என்று தண்டலுக்குக் கை நீட்டுகிற பெண்களின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. எங்கள் தெரு முனையில் மீன் விற்கும் அக்காவிடம் தண்டல்காரர் வருவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். அவர் வண்டியை அணைப்பதில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார். அந்த அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்து, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து செதில் ஒட்டிய நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். அட்டையில் ஒரு கையெழுத்து விழும். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், அன்னக்கூடையில் காரப்பொடி மீன் அப்படியே கிடக்க, “அண்ணா, இன்னிக்குப் போணியே ஆவல. நாளைக்கு ரெண்டு நாளுதும் சேத்துக் குடுத்துடறேன், கொஞ்சம் பொறுத்துக்கண்ணா” என்று அவர் கேட்டார். “உனக்குப் பொறுத்துக்கினா, நான் மேல யாருக்குப் பதில் சொல்றது?” என்று பதில் வந்தது. அந்த மனிதருக்கும் மேலே கடன் கொடுத்த ஒருவர் இருக்கிறார். அதற்கும் மேலே இருப்பவர்களில் சிலர் ஞாயிறுதோறும் வெள்ளை உடுத்தி ஆலயத்தின் முன் வரிசையில் உட்காருகிறவர்கள் என்பது எங்கள் பகுதியில் பலருக்கும் தெரியும். அதே ஆலயத்தின் பின் வரிசையில்தான் அந்த அக்காவும் உட்கார்ந்து, பாடுபடுகிறவர்கள் பொறுமையாயிருக்க வேண்டும் என்ற பிரசங்கத்தைக் கேட்கிறார்.

அப்படியானால் பாடுபடுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் வேதம் காட்டுகிற அந்தப் பொறுமை வாயைப் பொத்திக்கொண்டிருப்பது அல்ல. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் பயிரிடுகிறவனைப் பற்றிய வசனத்தை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால், வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டிவிட்டது என்றும் அதே யாக்கோபு ஐசுவரியவான்களைப் பார்த்து எழுதுகிறார். ஏழாம் வசனத்தை ஏழைக்கு வாசித்துவிட்டு, நான்காம் வசனத்தைப் பணக்காரருக்கு வாசிக்காமல் விடுவது வேதத்தைப் பாதியாக வெட்டுவதாகும். சில வசனங்கள் தள்ளி அவர் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லும் யோபுவும் பிறந்த நாளைச் சபித்தவர், கடவுளிடம் வழக்காடியவர்.

ஆண்டவரே கன்னத்தில் அறையப்பட்டபோது என்ன செய்தார் என்று யோவான் 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நான் தகாதவிதமாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, தகுதியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அடித்த சேவகனைக் கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை. பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் துதி பாடிய பவுலும் சீலாவும், விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் அனுப்பிவிடப் பார்த்தபோது போக மறுத்தார்கள். விசாரணையின்றி எங்களை வெளியரங்கமாக அடித்தவர்கள், அவர்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று பவுல் சொல்லி அனுப்பினார். அவர்களும் வந்து கெஞ்சினார்கள். ராத்திரி பாடியதும் காலையில் கேள்வி கேட்டதும் ஒரே மனிதர், ஒரே விசுவாசம். நம் மேடைகளில் ராத்திரிப் பாட்டு மட்டும்தான் சாட்சியாகச் சொல்லப்படுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய்க் கழிவு, பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் பரவி எண்ணூர் முகத்துவாரம் வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். படகும் வலையும் கறுத்துப்போயிருக்க, மீனவர்களே ஆற்றில் இறங்கி அந்த எண்ணெயை அள்ளினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஊர் மக்கள் நிவாரணமும் நியாயமும் கேட்டு விடாமல் குரல் கொடுத்தார்கள். அந்த நாட்களில், கிறிஸ்தவர்கள் இப்படிப் போராட்டம் என்று போவது தகுமா, பொறுமையாக ஜெபிக்க வேண்டாமா என்று சிலர் பேசியது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. லூக்கா 18-இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போய் நின்ற விதவையை இயேசு எதற்கு உதாரணமாகச் சொன்னார்? சோர்ந்துபோகாமல் எப்பொழுதும் ஜெபிக்க வேண்டும் என்பதற்குத்தான். விடாமல் நியாயம் கேட்டு நின்றவளையே ஜெபத்திற்கு மாதிரியாக ஆண்டவர் காட்டியிருக்கிறார்.

அடிபடுகிற பெண்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதில் விவாதத்திற்கு இடமே இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இலேயே நாட்டில் வந்துவிட்டது. அவளுக்குப் பாதுகாப்பான இடத்தையும் சட்டத்தின் வழியையும் காட்டாமல் பொறுமையை மட்டும் போதித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர், அடுத்த அடிக்கு உடந்தையாகிறார்.

பொறுமை எங்கே வளருகிறது என்பதை எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு வயதான டீச்சரிடம் பார்த்திருக்கிறேன். திக்கித் திக்கிப் பேசும் ஒரு சிறுவன் அவர் வகுப்பில் இருக்கிறான். மனப்பாட வசனம் சொல்ல அவன் முறை வரும்போது, பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய் துறுதுறுக்கும். ‘கர்த்தர்’ என்பதன் முதல் எழுத்திலேயே அவன் நின்றுகொண்டிருக்க, யாராவது ஒரு பிள்ளை முழு வசனத்தையும் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கும். டீச்சர் உள்ளங்கையை மெல்ல உயர்த்தி அவர்களை நிறுத்துவார். அவன் முகத்தை உற்றுப் பார்த்துக் கூச்சப்படுத்தாமல், அவன் முன் விரித்திருக்கும் வேதாகமத்தின் அந்த வரியிலேயே பார்வையை வைத்திருப்பார். பக்கத்து வகுப்பு முடிந்து பிள்ளைகள் வாசலில் சத்தம் போட்டாலும் அவர் கடிகாரம் பக்கம் திரும்புவதில்லை. வசனத்தை அவரே சொல்லி முடிக்கலாம். அப்படிச் செய்ய அவருக்கு அதிகாரமும் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. அந்த இரண்டையும் அவர் அடக்கிக்கொள்கிற அந்தச் சிறிது நேரத்தில்தான் அந்தப் பையன் தன் வாயால் வசனத்தைச் சொல்லி முடிக்கிறான்.

லூக்கா 13-இல் காய்க்காத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசும் தோட்டக்காரனும் இந்த டீச்சரின் இனம்தான். இந்த வருஷமும் இருக்கட்டும் என்று அவன் சொன்னதோடு நிற்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்றும் சொன்னான். நமக்குக் கீழே இருப்பவர்களிடம், நம்மை எதிர்த்துப் பேச முடியாதவர்களிடம், அதாவது பிள்ளைகளிடம், படுக்கையில் இருக்கும் பெற்றோரிடம், வீட்டு வேலைக்கு வருகிறவர்களிடம், கடன் வாங்கியவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் இந்தக் கனி காய்க்கிறதா இல்லையா என்பது தெரியும். பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது தகப்பன்மாரை நோக்கியே என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

யாருடைய குற்றமும் இல்லாமல் வருகிற துன்பங்களும் உண்டு. வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கும், நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிற தாய்க்கும் எதிராளி என்று யாரும் இல்லை. உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்ற ரோமர் நிருபத்தின் வார்த்தை அவர்களுக்கு உண்மையாகவே ஊன்றுகோலாயிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அதை அவர்கள் தங்கள் வாயால் சொல்லும்போதுதான் அதற்கு எடை. சபையாராகிய நாம் செய்ய வேண்டியது, ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருவது. யோபுவின் சிநேகிதர் முதல் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான் என்பது என் கருத்து.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலைகளும் இயந்திரங்களும் பழுதுபார்க்கப்படும், ஏலத்துக்கு மீன் வரத்துக் குறையும், விலை ஏறும், கூடையில் விற்கும் பெண்களுக்கு லாபம் இராது. தண்டல் அட்டையில் மட்டும் தடைக்காலம் இல்லை. எங்கள் குருசேகரத்தில், அதாவது ஒரே போதகரின் பொறுப்பிலுள்ள எங்கள் சபை வட்டாரத்தில், பணம் வட்டிக்கு விடுகிற விசுவாசிகள், இந்த 61 நாட்களுக்காவது தினவசூலை நிறுத்தி, கூடுதல் வட்டி போடாமல் தவணையைத் தள்ளிப்போட வேண்டும் என்று சபைக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் எழுத்துமூலம் கேட்கப்போகிறேன். அதோடு, ஈஸ்டருக்கு முன் வருகிற லெந்து என்னும் தவக்கால நாட்களில் பொறுமையைக் குறித்துச் செய்தி கொடுப்பதானால், அதில் ஒரு ஞாயிறையாவது முதலாளிகளுக்கும் கணவன்மாருக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் என்று ஒதுக்கும்படி போதகரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வேறு சபைகளில் இருக்கும் நண்பர்களும் அவரவர் இடத்தில் இதைப் பேசிப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதைக் கீழே எழுதுங்கள்.