அடைத்தது யார் என்று சொல்லுங்கள்

"ஒரு படம்தானே, எடுத்துட்டா போச்சு." குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மாமா போட்டது. கூடவே ஒரு கைகூப்பு எமோஜி. பிரதமரை விலங்கோடு வரைந்த கார்ட்டூனுக்காக விகடன் பத்திரிகையின் இணையதளம் முடக்கப்பட்ட வழக்கில், 2025 மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் படித்துவிட்டு அவர் எழுதிய தீர்ப்பு அது. கார்ட்டூனை இப்போதைக்கு எடுங்கள், தளத்தைத் திறந்துவிடும்படி மத்திய அரசிடம் சொல்கிறோம் என்றது நீதிமன்றம். மாமாவுக்கு எல்லாம் சுபம்.

எனக்கு இல்லை. குரூப்பில் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன், இங்கே சொல்கிறேன். பிரச்சினை படம் இல்லை மாமா. பிப்ரவரி 15 ராத்திரி விகடன் தளம் திறக்கவில்லை. ரவுட்டரை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். நெட் கனெக்‌ஷன் தம்பியைத் தூக்கத்தில் எழுப்பித் திட்டும் வாங்கினேன். அடைத்தது யார், எந்த உத்தரவில், எதற்காக? திரையில் ஒரு வரி கிடையாது. தங்களுக்கே எந்த அறிவிப்பும் வரவில்லை என்றது விகடன். இணையதளங்களை அரசு அடைக்க வழிசெய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுக்கான 2009 விதிகள் இதையெல்லாம் ரகசியமாகவே வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஒரு கார்ட்டூனில் என்னய்யா ராணுவ ரகசியம்?

1987இல் அட்டைப்பட ஜோக்குக்காக விகடன் ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அவர் வழக்குப் போட்டு ஜெயித்து, கிடைத்த ஆயிரம் ரூபாய் இழப்பீட்டை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்தார். அதுவும் அநியாயம்தான். ஆனால் உள்ளே போட்டது யார் என்று ஊருக்கே தெரியும்.

"பிரதமரை விலங்கோடு வரையலாமா?" வரையலாம். 104 இந்தியர்களைக் கைவிலங்கு, கால்விலங்கோடு ஏற்றிவந்து அமெரிக்க ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறக்கிய சமயம் அது. அதற்கு வராத ரோஷம் நாலு கோட்டுக்கு வருகிறது. "பொய்ச் செய்திக்குத் தடை வேண்டாமா?" சில நேரம் வேண்டும்தான், ஒத்துக்கொள்கிறேன். அதையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்புறம், கார்ட்டூன் எப்போது செய்தி ஆனது?

"மத்திய அரசு என்றால் மட்டும் பொங்குவாய்" என்று ஒருவர் வருவார். வாருங்கள். தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்களே, 2018 மே மாதம்? தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தியது மாநில அரசுதான். பாளையங்கோட்டையில் அப்பா டேட்டா தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அந்த வெயிலில் கடைக்கு நடந்துபோய் ரீசார்ஜ் செய்தார். மறுநாளும் போனார். "சர்வர் ஸ்லோ சார், சாயங்காலம் வந்துரும்" என்று கடைக்காரர் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். ராத்திரி போனில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலருக்குப்பா."

முப்பது வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்த மனுஷன். ஒரு கடிதம் திரும்பி வந்தால்கூட ஏன் என்று மேலே எழுதித்தான் அனுப்புவார். அவருடைய போனை ஊமையாக்கியவர்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பத் தோன்றவில்லை. தப்பு தன் விரலில் என்று நினைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் உங்கள் அத்தான்தான் மாமா. அந்த வாரம் நீங்களும் தூத்துக்குடியில்தான் இருந்தீர்கள், உங்கள் போனும்தான் செத்துக் கிடந்தது. நெட் வந்த அன்று குரூப்பில் முதலில் வந்து விழுந்தது உங்கள் காலை வணக்கம். இதே கைகூப்பு எமோஜியோடு.