வளையலை அடகு வைத்து மலையேற வேண்டாம்

இந்த வாரம் எங்கள் இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு, குமுளி பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகள் கையில் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஏப்ரல் விடுமுறையில் நேபாளத்தில் மலையேற்றம், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பணம், முன்பணம் கட்ட இதுதான் கடைசித் தேதி. நேற்று மாலைக்குள் நான்கு தாய்மார்கள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீங்கள் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனவர்தானே டீச்சர், அனுப்பலாமா?"

அனுப்புங்கள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை பதினாறு வயதில் எல்லை தாண்டி, வேறு பாஷை பேசும் ஊரில், தன் மூட்டையைத் தானே சுமந்து நான்கைந்து நாள் நடந்துவிட்டு வருவது சாதாரணக் காரியம் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், காட்மாண்டு விமான நிலையத்தில் வந்து சேராத தன் பைக்காக மூன்று கவுண்டர்களில் மாறி மாறி நின்று பேசி, கடைசியில் அதை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். அவள் முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ அனுப்பாதீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கில் தலையிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் உயிரை நினைத்துத்தான் சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் பயணத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். ஏலக்காய் வியாபாரிகளின் பிள்ளைகளும் இருந்தார்கள், கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். பொக்காராவிலிருந்து நயாபுல், உல்லேரி வழியாக கோரேபானி போய்த் தங்குவது; விடியும் முன் பூன்ஹில் ஏறிச் சூரிய உதயம் பார்ப்பது; காந்த்ருக் வழியாக இறங்குவது. புதிதாக மலையேறுபவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வழி அது. முதலில் போட்ட திட்டத்தில் உல்லேரியில் ஓர் இரவு தங்கல் இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) கூட்டத்தில் பணம் அதிகம் என்று முணுமுணுப்பு எழுந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவர் பேனாவை எடுத்தார். "உல்லேரி வரைக்கும் ஜீப் போகிறது, இந்த ஓர் இரவை எடுத்துவிடலாம்" என்று ஒரு கோடு அடித்தார். தொகை குறைந்தது, கூட்டத்தில் எல்லோருக்கும் நிம்மதி. நானும் தலையாட்டினேன்.

பொக்காரா ஏறக்குறைய 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோரேபானி சுமார் 2,870 மீட்டர். அந்த ஒரு கோட்டினால் பிள்ளைகள் ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டர் ஏறினார்கள். தென்னிந்தியாவில் நம் ஆனைமுடியைவிட உயர்ந்த இடம் இல்லை. அதுவே 2,695 மீட்டர்தான். அதற்கும் மேலே, பலகைச் சுவர் வைத்த ஒரு விடுதியில் அன்றிரவு அவர்கள் படுத்தார்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். 2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கும் மலைநோய் வரலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் என்று அது தொடங்கும். கால்பந்து அணியில் முதல் ஆளாக ஓடுபவனுக்கும் வரும், நோஞ்சான் பிள்ளைக்கு வராமலும் போகும். மெதுவாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். "நாங்கள் மலையில் பிறந்தவர்கள் டீச்சர்" என்று பிள்ளைகள் மார்தட்டினார்கள். வண்டிப்பெரியாறு ஆயிரம் மீட்டர் உயரம்கூட இல்லை என்பதை அவர்களுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாடு சோறும் பருப்பும் கீரையும். ஒரு பையன் மட்டும் சோற்றை விரலால் ஒதுக்கி வரப்புக் கட்டி, நடுவில் பருப்பைத் தேக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்கூட எடுக்கவில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று சிரித்தான். பயணத்துக்கு முன் மருத்துவர் வந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தார். தலைவலி வந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்வேன் என்று இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவனும்தான்.

பதினொன்றரை மணிக்கு விடுதியின் பின்பக்கம் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் செருப்புக்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, எடுத்த வாந்தியை மூடிக்கொண்டிருந்தான். வெளிச்சம் பட்டதும் திருடன் அகப்பட்டதுபோல நின்றான். ஏன்டா சொல்லவில்லை என்று அதட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் பணம் கட்டினோம் டீச்சர். மேலே போகாமல் திரும்பினால் அது வீணாகிவிடாதா?"

வழிகாட்டி எழுந்து வந்தார். வராந்தாவின் ஒரே பலகைமேல், ஒரு காலின் பெருவிரலில் மறு காலின் குதிகால் தொட நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தான். மூளையில் நீர் கோத்தால் அந்த நடை தவறும்; அப்படி ஆகியிருந்தால் இருட்டு என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். விடியும் வரை மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டோம். மற்றவர்கள் பூன்ஹில் கிளம்பிய நேரத்தில் நானும் அவனும் ஒரு உதவியாளரும் கீழே இறங்கினோம். வழியெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது. "இது நம் காட்டுப்பூவரசுதானே டீச்சர்" என்றான். அவனுக்கு நல்லபடியாகப் பேச்சு வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. உல்லேரியில் இரண்டு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அம்மாவிடம் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்று கேட்டான்.

அன்றைக்கு மேலே இரண்டே ஆசிரியர்கள், இருபத்தொரு பிள்ளைகள். இன்னொரு பிள்ளைக்கும் உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. கையெழுத்து வாங்கினோம், மருத்துவரைப் பேச வைத்தோம், மருந்துப் பெட்டி சுமந்தோம். ஒரு ஜோடி வளையல் எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டது. இரவுத் தங்கலை வெட்டியதும் பணத்துக்காக, அவன் தலைவலியை மறைத்ததும் பணத்துக்காக. பாதுகாப்பு ஒரு பக்கம், கட்டணம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பேசும் பள்ளியை நான் இனி நம்ப மாட்டேன்.

பணம் கட்டும் முன் பெற்றோர் பள்ளியில் போய்க் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் அவனோடு கீழே இறங்குவார், அவர் இறங்கிவிட்டால் மேலே எத்தனை பேர் மிச்சம்? பெண் பிள்ளைகளோடு எத்தனை ஆசிரியைகள்? சும்மா உட்கார்ந்திருக்க ஒரு நாளாவது திட்டத்தில் இருக்கிறதா? அந்த நாளைத்தான் முதலில் வெட்டுவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். காப்பீட்டில் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது, ஹெலிகாப்டரில் மீட்டுக்கொண்டுவரும் செலவு அதில் வருமா? அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள். 2023 ஏப்ரல் முதல் நேபாள மலைப் பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம் என்று அந்த நாட்டுச் சுற்றுலா வாரியம் அறிவித்திருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டு வழிகாட்டிகளாவது வேண்டும்.

ஏப்ரலுக்குப் பதில் பூஜை விடுமுறையோடு சில நாள் சேர்த்துப் போகலாமே என்று ஒருவர் கேட்டார். அக்டோபரில் வானம் துலக்கமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயலை நினைவில் வையுங்கள். ஆந்திராவைச் சிதைத்த அந்தப் புயலின் மிச்சம்தான் இரண்டே நாளில், நாங்கள் நடந்த அதே அன்னபூர்ணா மலைப்பக்கம் போய்ப் பனிப்புயலாகக் கொட்டியது. தோரோங் கணவாய் பக்கம் மலையேறியவர்களும் வழிகாட்டிகளும் ஊர்க்காரர்களுமாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று வானொலியில் கேட்டால் கடற்கரைக்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்று இருந்துவிட முடியாது. எந்த மாதம் போனாலும், ஒரு நாள் காத்திருக்கவும் பாதியில் திரும்பவும் பணமும் மனமும் கையில் இருக்க வேண்டும்.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாத 15 முதல் 18 வயதுப் பிள்ளைகள், பள்ளித் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் தரும் அடையாளச் சான்றிதழோடு போகலாம். பெயர் எழுத்து மட்டும் ஜாக்கிரதை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பதிவேட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, இனிஷியல் முன்னாலும் பின்னாலும் என்று இருக்கிறது. டிக்கெட் போடும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

பணத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். இந்த முறை எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக வசூலிக்கவில்லை. ஒன்றரை வருடம் முன்பே தொடங்கினோம். பிள்ளைகள் பள்ளி விழாக்களில் கடை போட்டார்கள். பழைய மாணவர்கள் கொடுத்தார்கள். வசதியுள்ளவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே கணக்கில் சேர்கிறது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தலைமையாசிரியரையும் கணக்கு எழுதுபவரையும் தவிர யாருக்கும் தெரியாது. தனியாக ஒரு தொகை, உடம்பு முடியாமல் இறங்கும் பிள்ளைக்காகவே எடுத்து வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அதைக் காட்டியும் இருக்கிறோம். எங்கள் சுற்றறிக்கையில் பூன்ஹில் என்ற பெயரே இல்லை. பெயரைப் போட்டால் அதைத் தொடாதவன் தோற்றவன் ஆகிவிடுகிறான். உல்லேரியில் இரவுத் தங்கல் திரும்ப வந்துவிட்டது, நான்காவதாக ஓர் ஆசிரியையும் வருகிறார். தினமும் சாயங்காலம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் தலைவலி, சாப்பாடு, தூக்கம் பற்றிக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். தன் தலைவலியை மறைக்கும் பையன்கூட நண்பனின் தலைவலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

அந்த வளையலை மீட்க அந்த அம்மாவுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. பையன் இப்போது கம்பத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை பருந்துப்பாறைக்குப் பயிற்சி நடை போகிறோம். புதிய பிள்ளைகளிடம் அன்றிரவு நடந்ததை அவனே சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். காலை ஆறரைக்குப் பள்ளி வாசலிலிருந்து கிளம்புகிறோம். சுற்றறிக்கை வாங்கிய மற்ற பள்ளிப் பெற்றோரும் வரலாம்.