நீங்கள் ஏன் காலிமுகத்திடலுக்கு வரவில்லை?

2022 இல் ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகச் சொல்லிக் கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த அரகலய போராட்டம் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு சிங்கள நண்பராவது இதைக் கேட்டுவிடுகிறார். "வடக்கு ஏன் சும்மா இருந்தது?" நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்லிச் சமாளித்தாயிற்று, இந்த முறை நீட்டியே எழுதிவிடுகிறேன்.

ஒருவருமே வரவில்லை என்பது முதலில் பிழை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கோஷம் போட்டார்கள், மட்டக்களப்பிலும் சனம் வீதிக்கு வந்தது. முஸ்லிம்களைச் சொல்லவே வேண்டாம், கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரித்த ஆட்சியை அவர்கள் மறப்பார்களா என்ன. ஆனால் 2022 ஏப்ரல், மே மாதங்களில் யாழ்ப்பாணம் கொழும்பு மாதிரித் திரண்டு இறங்கவில்லை. அது உண்மைதான்.

அந்த நாட்களில் பெற்றோல் வரிசையில் ஆறு மணித்தியாலம் நின்றிருக்கிறேன். பின்னால் நின்ற அண்ணை சிரித்துக்கொண்டே, "தம்பி, மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள்" என்றார். வீட்டுக்கு வந்தால் மின்வெட்டு. அம்மா ஒரு ஜாம் போத்தலைக் கழுவி, பஞ்சு வைத்து, இருந்த சொட்டு மண்ணெண்ணெயை விட்டுத் திரியை ஏற்றிக்கொண்டிருந்தார். 90களில் போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் கைபழகிய வேலை, ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. தொலைக்காட்சிகள் "வரலாறு காணாத நெருக்கடி" என்று அலறிய அதே மாதம்தான் இது.

அப்புறம் தேர்தல் கணக்கு. 2019 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 80 வீதத்துக்கும் மேல் கோட்டாபயவை எதிர்த்து நின்ற சஜித்துக்குத்தான் விழுந்தது. போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த மனிதரை நாங்கள் அறிந்த மாதிரி தெற்கு அறிந்திருக்கவில்லை. "நாங்கள் அப்பவே சொன்னோம்தானே, இப்பதான் விளங்குதா" என்று நானும் முகநூலில் எழுதினேன், விருப்பக்குறிகளும் குவிந்தன. இப்போது அந்தப் பதிவைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

பயம் இருந்ததா? இருந்தது. கொழும்பில் ஒரு பொடியன் பொலிஸின் முகத்துக்கு நேரே கத்திவிட்டு அதை நேரலையும் போடலாம். இங்கே ஒரு பதாகை பிடித்தாலே மறுநாள் வாசலில் யாராவது வந்து, நேற்று எங்கே நின்றாய், கூட நின்றது ஆர் என்று விசாரிப்பார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரியிலிருந்து தெருவோரம் குந்தியிருக்கிறார்கள். 2021 பெப்ரவரியில் கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை எங்கள் உரிமைகள் கேட்டுப் பேரணி போனது. தெற்கு ஏன் வரவில்லை என்று அப்போது யாரும் பதிவு போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனாலும், கூப்பிடவில்லை என்று இருந்துவிட்டது பிழை என்றே இப்போது நினைக்கிறேன். கலியாணவீடா, அழைப்பு வர?

மே 18 அன்று வேலை விஷயமாகக் கொழும்பில் நின்றேன். ஒன்பது நாட்களுக்கு முன்புதான் கோட்டாபயவின் அண்ணன், பிரதமராக இருந்த மகிந்தவின் ஆட்கள் கூடாரங்களை அடித்து நொறுக்கியிருந்தார்கள். அதே காலிமுகத்திடலில், 2009 இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற சிங்களப் பொடியன் ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புப் போட மறந்துவிட்டார்களா என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. கஞ்சி ஊற்றிய பிள்ளைதான் சொன்னாள், அப்போது உப்பும் கிடைக்கவில்லை என்று. அவன் மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டுத்தான் குவளையை வைத்தான். இந்த இடத்தில் நாங்கள் இன்னும் கொஞ்சப் பேர் நின்றிருக்கலாமே என்று அப்போது பட்டது.

கோட்டாபய ஜூலையில் ஓடினார், ரணில் ஜனாதிபதியாக வந்தார், ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தார்கள். 1979 இலிருந்து எங்கள் வீடுகளுக்குள் புழங்கிய சட்டம் அது. செப்டம்பரில் அதற்கு எதிரான கையெழுத்துச் சேகரிக்கும் வாகனம் காங்கேசன்துறையில் புறப்பட்டு அம்பாந்தோட்டை வரை போனது. இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்ட நண்பர் அதில் கையெழுத்துப் போட்டுப் படமும் அனுப்பினார். சந்தோஷம்தான். "கிளிநொச்சி அம்மாமாரிடம் எப்போது வருகிறீர்கள்?" என்று பதிலுக்குக் கேட்டேன். நீலக்குறி உடனே விழுந்தது, பதில் இன்னும் வரவில்லை.