மோகினிப் பாலமும் மணல் வண்டிகளும்

எங்கள் ஊர் ஓடையின் மேல் மீட்டர் கேஜ் (குறுகலான தண்டவாளம்) காலத்து ரயில் பாலம் ஒன்று சும்மா நிற்கிறது. விழுப்புரம்–காட்பாடி பாதை 1891ல் வந்தது. அதை அகலப்பாதையாக்கி 2010ல் திரும்ப ரயில் விட்டபோது எங்கள் பக்கம் தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, பழைய பாலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்டவாளம் போனது, ஸ்லீப்பர் கட்டைகளும் போயின (யார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருக்கின்றன என்று தெரியும், சொல்ல மாட்டேன்). மோகினி மட்டும் போகவில்லை. சொல்லப்போனால் ரயில் நின்ற பிறகுதான் அவளுக்கு மவுசே கூடியது.

"வெளக்கு வச்சப்புறம் அந்தாண்ட போவாத, காத்து கருப்பு அடிச்சிடும்" என்பாள் எங்க ஆயா. நான் பிளஸ் டூ படிக்கும்போது டியூஷன் முடிந்து வேலூரிலிருந்து சைக்கிளில் வருகையில் ஒருநாள் பாலத்துக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, அவ்வளவுதான், செயின் கழன்றதுகூடத் தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்தேன். மறுநாள் காய்ச்சல். தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். காய்ச்சலும் போய்விட்டதால் மோகினிக்கு இன்னொரு சாட்சி ஆகிப்போனேன்.

சத்தம் உண்மைதான், இன்றைக்கும் கேட்கும். வேலூர் வெயிலில் நாளெல்லாம் காய்ந்த இரும்பு கர்டர் (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) ராத்திரியில் சுருங்குகிறது. 40 அடி நீள இரும்பு, சூடு 20 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குறையும். துருப்பிடித்து இறுகிய முனை சட்டென்று விடுபடும்போதுதான் அந்த 'டங்'. குழந்தை அழுகிறது என்பார்களே, அது கல் பொந்தில் குடியிருக்கும் கூகை.

சரி, பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் நாம் யாரும் எட்டிப் பார்க்காத அந்த ராத்திரி 2 மணிக்கு, கழுத்து மணியைக் கழற்றிவிட்ட மாட்டு வண்டிகள் மட்டும் மணல் அள்ள வருஷக்கணக்காக ஓடையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தனவே, அந்த வண்டிக்காரர்களை ஏன் மோகினி ஒன்றும் செய்யவில்லை? சின்ன வயதில் மணலில் நின்றுகொண்டே தூணின் மேல்வரிசைக் கல்லைத் தொட்டிருக்கிறேன். இன்றைக்கு அதே கல் இரண்டு ஆள் உயரத்தில் இருக்கிறது, அடியில் அஸ்திவாரம் பல்லிளிக்கிறது. பேய்க்கதையைக் கிளப்பியதே மணல்காரர்கள் என்று சொல்லவில்லை, கதை அவர்களுக்கு முன்பே இருந்தது. ஆனால் அதைவிட நல்ல காவல்காரன் அவர்களுக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

தூண் விஷயம் விளையாட்டில்லை. 2021 டிசம்பரில் திருவலம் பக்கம் பொன்னையாற்று ரயில் பாலத்தில், வெள்ளத்துக்குப் பிறகு பழுது கண்டு எத்தனை ரயில்களை ரத்து செய்தார்கள் என்று காட்பாடியில் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பாதை வந்த அதே 1891ல், ஆகஸ்ட் 27ஆம் தேதி, அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்டேட்ஸ்வில் பக்கம் பாஸ்டியன் பாலத்திலிருந்து ரயில் கவிழ்ந்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். வருஷா வருஷம் அதே தேதியில் பேய் ரயில் வரும் என்று ஒரு பேச்சு. 2010ல் அதே தேதியில் ஒரு கூட்டம் பார்க்கப் போய்ப் பாலத்தின் மேல் நின்றிருக்கிறது. வந்தது நிஜ ரயில். 29 வயசுப் பையன் ஒருத்தன் போய்விட்டான். அங்கே பாலம் கைவிடப்படவே இல்லை. இங்கேயும் ரீல்ஸ் எடுக்க வருகிற பசங்கள் 'நல்லா ஆங்கிள் கிடைக்குது' என்று பக்கத்துப் புதுத் தண்டவாளத்தில்தான் ஏறி நிற்கிறார்கள். அதில் ரயில் ஓடுகிறதப்பா!

போன மாதம்கூட டிரைபாட் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். "அண்ணா, இங்க எத்தினி பேர் செத்திருக்காங்க?" எனக்குத் தெரிந்து யாருமில்லை என்றேன். முகம் தொங்கிப்போனது. தூணின் அடியைக் காட்டி மணல் கதையைச் சொன்னேன். "அது வேணாண்ணா, அந்தப் பொம்பள எந்தக் கம்பத்தாண்ட நிப்பா?"