வட கொரியாவுக்கு வானொலியை நிறுத்தியது பெரிய தவறு

வட கொரியாவுக்குள் வெளியுலகச் செய்தியைக் கொண்டுபோவது என்றாலே பலருக்கும் பலூன்தான் நினைவுக்கு வருகிறது. துண்டுப் பிரசுரம் கட்டிய பலூன் எல்லையைத் தாண்டுவது டிவியில் எடுப்பாகத் தெரியும். காற்று திரும்பினால் தென் கொரியாவிலேயே விழுந்துவிடும். 2024-இல் பதிலுக்கு வடக்கிலிருந்து குப்பை மூட்டை கட்டிய பலூன்கள்தான் வந்து விழுந்தன.

எந்த வழியானாலும், பிடிபட்டால் அங்கே இருப்பவர் கதி என்ன என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2020 டிசம்பரில் வந்த சட்டப்படி, தென் கொரிய நாடகம் பார்த்தாலே 15 ஆண்டு வரை கட்டாய உழைப்பு. பரப்பினால் மரண தண்டனை வரை போகும்.

பென்டிரைவை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் பஞ்சத்தில் ரேஷன் முறை குலைந்து, மக்களே சந்தைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். சீனச் சரக்கோடு டிவிடிகளும் அப்புறம் பென்டிரைவ்களும் அந்தச் சந்தைகளுக்கு வந்தன. அப்போதெல்லாம் சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். டிவிடி தட்டு பிளேயருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், வீட்டுக்காரர் தப்ப முடியாது. பிறகு பேட்டரியில் ஓடும் 'நோட்டெல்' என்ற சீனக் கருவி வந்தது. தட்டில் அரசு அனுமதித்த டிவிடி இருக்கும், பார்ப்பது பென்டிரைவில் இருக்கும் படம். கதவு தட்டப்பட்டால் பென்டிரைவை உருவி ஒளித்துவிடலாம். ஆனால் அரசும் கற்றுக்கொண்டது. இன்றைய வட கொரியக் கைபேசிகள் அரசு முத்திரை இல்லாத கோப்பைத் திறக்காது. திரையைத் தானாகவே படம் பிடித்து வைக்கும், அதை அழிக்கவும் முடியாது. 2020 ஜனவரியில் கொரோனாவைக் காரணம் காட்டி எல்லையை மூடியதும் கடத்தலும் பெருமளவு படுத்துவிட்டது.

வானொலிக்கு எல்லை வேலி ஒரு பொருட்டே இல்லை. அங்கே அரசு அலைவரிசை மட்டும் வரும்படி பூட்டப்பட்ட ரேடியோதான் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதைப் பிரித்து மாற்றுகிறவர்களும், சீனாவிலிருந்து வந்த செட்டை ஒளித்து வைத்திருப்பவர்களும் உண்டு. இரவில் இயர்போன் போட்டுக் கேட்டுவிட்டு முள்ளைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டால், என்ன கேட்டோம் என்பதற்குத் தடயமே இல்லை. ஒளித்து வைத்த செட் சிக்கினால் தண்டனை உண்டுதான். ஆனால் ஒருவர் கேட்டதைச் சோதனைக்காரர் கையில் எடுத்துக் காட்ட முடியாது. இரைச்சல் போட்டு அலைவரிசையை மறிக்கலாம். அதற்கு மின்சாரம் வேண்டும், அங்கே அதுவே தட்டுப்பாடு.

இவ்வளவு பயனுள்ள வழியைத்தான் 2025-இல் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். மார்ச்சில் அமெரிக்க அரசின் நிதி வெட்டால் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் கொரிய ஒலிபரப்பு நின்றது. ஜூனில் தென் கொரியா, வடக்கை நோக்கி எல்லையில் வைத்திருந்த ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சத்தம் எல்லையோரத்தைத் தாண்டாது, இரு பக்கத்துக் கிராமத்தவருக்கும் தூக்கம்தான் கெட்டது. ஆனால் ஜூலையில் தென் கொரிய உளவுத்துறை பல பத்தாண்டுகளாக நடத்திய ஒலிபரப்புகளும், செப்டம்பரில் ராணுவத்தின் 'சுதந்திரக் குரல்' வானொலியும் நின்றபோது எனக்குக் கோபமே வந்தது. இதற்குப் பதிலாகக் கேட்டு வாங்கியது என்ன?

வடக்கோடு பதற்றம் குறைய வேண்டும் என்கிறது தென் கொரிய அரசு. குறையட்டும், எனக்கும் அதுதான் விருப்பம். அதற்காகச் செய்தியையே நிறுத்த வேண்டியதில்லையே. கிம் குடும்பத்தைத் திட்டாமல் வானிலை, அரிசி விலை, தப்பி வந்தவர்கள் சியோலில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைச் சொன்னாலே போதும். நள்ளிரவில் பயந்து பயந்து முள்ளைத் திருப்புகிறவருக்கு வழக்கமான இடத்தில் வெறும் இரைச்சல் கேட்டால், எத்தனை இரவு மறுபடியும் துணிவார்? தப்பி வந்தவர்களே நடத்தும் சிறு வானொலிக் குழுக்கள் சியோலில் இருக்கின்றன. அரசுக்குத் தன் பெயரில் பேசத் தயக்கம் என்றால், சும்மா கிடக்கும் அந்த டிரான்ஸ்மிட்டர்களில் இரவு நேரத்தையாவது இவர்களுக்குக் கொடுக்கட்டும்.